திறந்த காது: ஹெட்செட்டும் புற ஒலியும் குறித்த ஒரு சிறு வரலாறு

கணினி விளையாட்டுக்கு ஹெட்செட் வாங்க முற்படும் மாணவர் பலர் கேட்கும் கேள்வி இது: விளையாட்டின் ஒலியோடு வெளியுலகின் ஒலியும் காதில் விழ வேண்டுமானால் எதைத் தேர்வது? பார்வைக்கு இது வெறும் சந்தைக் கேள்வி. எனினும் கேட்பவருக்கும் அவரைச் சூழ்ந்திருப்போருக்கும் உள்ள உறவைப் பற்றிய ஒரு நூற்றாண்டுச் சிக்கல் இதனுள் இருக்கிறது.

1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய ஹெட்ஃபோனை அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. கம்பியில்லாத் தந்தியின் நலிந்த சமிக்ஞையைப் பிரித்தறிய வேண்டியவருக்குப் புற ஒலி இடையூறே. 1958இல் மில்வாக்கி நகரின் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்ஃபோனை அறிமுகப்படுத்தியபோது அக்கருவி இசை கேட்போரின் வீட்டுக்குள் நுழைந்தது. ஆயினும் காதை மூடும் வழக்கம் நீடித்தது.

மாற்றம் 1968இல் வந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட ஹெச்.டி. 414 பின்புறம் திறந்த அமைப்புடையது. காதின்மேல் மெல்லிய நுரைத்திண்டு மட்டுமே அமர்ந்தது. மூடிய கிண்ணத்துள் ஒலி மோதித் திரும்புவது இதில் குறைவு. ஆகவே ஒலி தலைக்குள் அடைபடாமல் அகன்று கேட்டது. அதற்கு விலையும் உண்டு. ஆழ்ந்த தாழ்சுரம் சற்று மெலிந்தது. புற ஒலி உள்ளே வந்த அதே வழியில் உள்ளொலியும் வெளியே கசிந்தது.

1979இல் சோனியின் முதல் வாக்மேன் இச்சிக்கலை வேறு விதமாக அணுகியது. ஒருவர் தனித்துக் கேட்பது அருகிலிருப்போரைப் புறக்கணிப்பதாகத் தோன்றும் என அகியோ மொரிட்டா கருதினார். அவர் வீட்டில் ஹெட்ஃபோனுடன் இருந்தபோது அவர் மனைவிக்கே அவ்வாறு தோன்றியதாக அவர் எழுதியுள்ளார். ஆகவே அக்கருவியில் இருவர் கேட்பதற்கு இரு துளைகள் அமைந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் இசை தணிந்து, உள்ளமைந்த ஒலிவாங்கி வழியே பேச்சு கேட்டது. வாங்கியோரோ அதனைத் தத்தம் தனிக்கருவியாகவே பயன்படுத்தினர். பின்வந்த மாதிரிகளில் அப்பொத்தான் மறைந்தது. 1982இல் நியூஜெர்சியின் வுட்பிரிட்ஜ் நகரம், ஹெட்ஃபோன் அணிந்தபடி சாலையைக் கடப்பதற்குத் தடை விதித்தது.

மறைந்த அப்பொத்தான் வேறு வடிவில் திரும்பியது. 1978இல் விமானப் பயணமொன்றில் இரைச்சலை நீக்கும் முறையைச் சிந்தித்த அமர் போஸ், வங்காளத்திலிருந்து புலம்பெயர்ந்த விடுதலைப் போராளி ஒருவரின் மகன். அவரது நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை வெளியிட்டது. இரைச்சலை அளந்து அழிப்பதற்கு ஒலிவாங்கி தேவை. அதே ஒலிவாங்கியைக் கொண்டு புற ஒலியை உள்ளே கடத்தவும் இயலும். 2019இல் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ இரு வசதிகளையும் ஒரே கருவியில் தந்தது.

எனவே இன்று ஹெட்செட் தேர்வோர் முன் இரு மரபுகள் உள்ளன. ஒன்று 1968இன் திறந்த அமைப்பு. இதில் அழைப்பவர் எவரது அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தன் குரலும் இயல்பாகக் கேட்பதால் விளையாடுபவர் உரக்கக் கத்துவது குறையும். மற்றொன்று மூடிய அமைப்பும் ஒலிவாங்கியும் சேர்ந்தது. இதில் அழைப்பவர் காதில் விழுவதும் விழாததும் அணிந்தவர் விருப்பத்தைப் பொறுத்தது.

முதியவரையோ குழந்தையையோ கவனித்துக்கொண்டு வீட்டில் விளையாடுவோருக்குத் திறந்த அமைப்பே தகும். பொத்தானை அழுத்த மறந்தாலும் அழைப்பு கேட்கும். விடுதி அறையில் நிலைமை நேரெதிர். நள்ளிரவில் கசியும் துப்பாக்கியொலி உறங்கும் அறைத்தோழரைத் தாக்கும். அங்கே மூடிய அமைப்பும் புற ஒலியைக் கடத்தும் வசதியும் பொருந்தும். பெருவிசிறி ஓயாது சுழலும் அறையிலோ திறந்த ஹெட்செட்டில் மெல்லிய காலடியோசை அமிழ்ந்துபோகும். அதை மீட்க ஒலியளவைக் கூட்டுவது செவிக்குக் கேடு.

விளம்பரங்கள் அணிபவரின் காதை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. அந்த அறையில் வேறு எவர் இருக்கிறார், அவர் கேட்கப்பட வேண்டியவரா, உறங்க வேண்டியவரா என்பதையும் சேர்த்து எண்ணியே வாங்க வேண்டும்.