படகுடல் வேகம்

படகுடல் வேகம் என்பது, நீரை விலக்கியபடி மிதந்து செல்லும் படகு எழுப்பும் அலையின் நீளம் அப்படகின் நீர்மட்ட நீளத்திற்குச் சமமாகும்போது உள்ள வேகம் ஆகும். பாய்மரப் படகுகள், இழுவைப் படகுகள், சரக்குக் கப்பல்கள் ஆகியவை இவ்வாறு நீரை விலக்கிச் செல்பவை. இவ்வேகம் தாண்ட முடியாத எல்லை அன்று. ஆயினும் இதனை நெருங்கும்போது தேவைப்படும் திறன் மிக விரைவாகக் கூடுவதால், எஞ்சினைத் தெரிவு செய்கையில் இது நடைமுறை எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

காரணம்

நகரும் படகின் முகப்பில் ஓர் அலைமுகடு எழுகிறது. வேகம் கூடக்கூட அலைநீளமும் கூடும். படகுடல் வேகத்தில் முதல் முகடு முகப்பிலும் அடுத்த முகடு பின்புறத்திலும் அமைகின்றன. அதற்கு மேல் பின்புறம் அலைப்பள்ளத்தில் தாழ்கிறது. படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டியதாகிறது.

இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் (1810–1879) கப்பல் மாதிரிகளை நீரில் இழுத்து இத்தடையை ஆராய்ந்தார். நீளத்தையும் வேகத்தையும் தொடர்புபடுத்தும் ஃபுரூட் எண் அவர் பெயரால் வழங்குகிறது. படகுடல் வேகத்தில் இதன் மதிப்பு ஏறத்தாழ 0.4 ஆகும்.

வேகத்தைக் கணித்தல்

ஆழமான நீரில் அலையின் வேகம் அலைநீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே,

வேகம் (கி.மீ./மணி) = 4.5 × √நீர்மட்ட நீளம் (மீட்டர்)

நாட் அலகில் 4.5 என்பதற்குப் பதிலாக 2.43 எனக் கொள்ள வேண்டும். 9 மீட்டர் நீளமுள்ள படகிற்கு இது மணிக்கு 13.5 கி.மீ. (7.3 நாட்) ஆகும். வேகம் இரு மடங்காக, நீளம் நான்கு மடங்காக வேண்டும்.

தேவையான திறன்

படகுடல் வேகத்தை அடைய, படகின் எடையில் டன் ஒன்றுக்குச் சுமார் 3 முதல் 4 கிலோவாட் (4 முதல் 5 குதிரைத்திறன்) தேவை என்பது பட்டறிவு விதி. எதிர்காற்றும் அலையும் உள்ள இடங்களில் கூடுதல் திறன் வேண்டும். படகுடல் வேகத்திற்குக் கீழே திறன் ஏறத்தாழ வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது.

எடுத்துக்காட்டாக, மேற்கூறிய படகின் எடை 5 டன் எனில் 13.5 கி.மீ. வேகத்திற்கு ஏறத்தாழ 16 கிலோவாட் தேவை. வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் 8 கிலோவாட்டே போதும். அவ்வாறு 10 கி.மீ. தொலைவைக் கடக்கக் கூடுதலாக 11 நிமிடங்கள் ஆகும். செலவாகும் ஆற்றலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மாறாக, எஞ்சினின் திறனை இரட்டிப்பதால் வேகம் சிறிதளவே கூடும். எரிபொருளின் பெரும்பகுதி அலை எழுப்புவதிலேயே செலவாகும்.

விதிவிலக்குகள்

மிகக் குறுகிய உடல் கொண்ட படகுகள் சிறிய அலைகளையே எழுப்புவதால் இவ்வேகத்தை எளிதில் தாண்டுகின்றன. துடுப்புப் பந்தயப் படகுகளும், கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற காட்டமரான் என்னும் இரட்டையுடல் படகுகளும் இத்தகையவை. நீர்ப்பரப்பின் மேல் எழும்பிச் சறுக்கிச் செல்லும் படகுகளுக்கும், ஆழம் குறைந்த கால்வாய்களுக்கும் மேற்கண்ட வாய்பாடு பொருந்தாது.