வார்டின் தலைவி

மருத்துவமனையின் வரலாறு என்றவுடன் பெரும் மருத்துவர்களின் பெயர்களே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே நிற்பது நாளில் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவருடைய கட்டளைகளை நிறைவேற்றுவோர் தாதியர். அத்தாதியரை நடத்திச் செல்பவர் யார்? இவ்வினா இங்கிலாந்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டது.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். இரவில் விளக்கேந்திச் சென்ற அம்மையாரை உலகம் அறியும். பகலில் அவர் சட்டைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் வழி தேடினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், சமையலைச் சீர்ப்படுத்தினார். நோயாளியின் உயிர் இச்சிறு காரியங்களையும் சார்ந்தது என்பதை அவர் அங்கே கண்டார்.

1859இல் வெளியிட்ட தாதிமை பற்றிய நூலில் நிர்வாகத்திற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பொறுப்பேற்றவர் எல்லாப் பணியையும் தாமே செய்யவேண்டுவதில்லை. தாம் அருகில் இல்லாத வேளையிலும் அப்பணி தவறாது நடக்குமாறு வகை செய்யவேண்டும் என்பதே அதன் சாரம்.

1860இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அம்மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவர் ஒருவரே முன்னர் இம்முயற்சியை எதிர்த்திருந்தார். பள்ளியின் தலைமையை மேட்ரனாகிய வார்ட்ரோப்பர் அம்மையார் ஏற்றார். ஒவ்வொரு வார்டிற்கும் ‘சிஸ்டர்’ எனப்படும் மூத்த தாதி பொறுப்பாளரானார். சிகிச்சையில் மருத்துவர் சொல்லே கட்டளை. தாதியரின் ஒழுக்கமும் பணிமுறையும் மேட்ரனின் ஆட்சிக்குட்பட்டவை. பயிற்சி பெறுவோர் சிஸ்டரின் கண்பார்வையிலேயே தொழில் கற்றனர்.

1966இல் பிரிட்டனில் சால்மன் குழு தாதியர் நிர்வாகத்தைப் படிநிலைகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. அதன்பின் மேட்ரன் என்னும் பதவி மறைந்தது. பதவி உயர விரும்பிய திறமைசாலிகள் வார்டை விட்டு அலுவலக மேசைக்குச் செல்ல நேர்ந்தது. வார்டின் தூய்மைக்கும் ஒழுங்கிற்கும் விடை சொல்வோர் யார் என்னும் கேள்வி மீண்டும் எழுந்தது. 2001 முதல் அந்நாட்டு அரசு, பல வார்டுகளுக்குப் பொறுப்பான மேட்ரன்களை மறுபடியும் நியமித்தது.

மாணவர்களே! ஒரு நிறுவனத்தில் யார் உயர்ந்தவர் என்று கேட்பது எளிது. நள்ளிரவில் ஒரு நோயாளி தண்ணீர் கேட்டால் அது தவறாமல் கிடைக்குமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர் யார் என்று கேளுங்கள். தலைமையின் இலக்கணம் அவ்விடையில் விளங்கும்.