திருவந்திபுரத்துச் சராயும் பாரிஸ் பாவாடையும்

பாலே ஆடும் பெண்கள் இடுப்பில் அணியும் டூட்டூ என்ற பாவாடைக்குப் புகழ் தேடித் தந்தது, 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஆப்பராவில் அரங்கேறிய ‘லா சில்ஃபீட்’. காற்றில் மிதக்கும் தேவதையாக அதில் ஆடிய மரி தாலியோனி, தோள் தெரியும் இறுக்கமான மேலாடையும் அதன் கீழ் மணி போன்ற வடிவில் வெள்ளை மஸ்லின் பாவாடையும் உடுத்தியிருந்தார். அதை வடிவமைத்தவர் ஒய்ஜேன் லாமி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாவாடை பாதிக் கெண்டைக்கால் வரைதான் இருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு மரி கமார்கோ என்ற ஆடற்பெண் கணுக்கால் தெரியும்படி பாவாடையை உயர்த்தியதே ஊர்ப்பேச்சாக இருந்தது. கமார்கோவின் துள்ளலைக் காட்டக் கணுக்கால் தெரிந்தால் போதும். தாலியோனி நுனிக்காலில் நின்று ஆடினார். பாதமும் கெண்டைக்காலும் தெரியாவிட்டால் அந்த வித்தை பார்ப்பவர் கண்ணில் படாது.

தாலியோனிக்கு அதற்கு முன்பே ஓர் இந்திய வேடமும் உண்டு. 1830இல் ஓபேர் இசையமைத்த ‘கடவுளும் பயாதேரும்’ என்ற ஆப்பராவில் சோலோயி என்னும் இந்திய ஆடற்பெண்ணாக வந்தவர் அவரே. இந்தியக் கோயில்களில் ஆடும் பெண்களை ஐரோப்பா பயாதேர் என்று அழைத்தது. அந்தப் பெண்கள் உண்மையில் எப்படி உடுத்தினார்கள், எப்படி ஆடினார்கள் என்று பாரிஸில் அநேகமாக யாரும் பார்த்ததில்லை.

எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பார்த்தது கடலூர்ப் பக்கத்துப் பெண்களை. கெடிலக் கரையில் தேவநாத சுவாமி கோயில் கொண்டிருக்கும் திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசிகளையும் நட்டுவனாரையும் மேளக்காரர்களையும் தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றினார். 1838 கோடையில் அவர்கள் போர்தோவில் இறங்கினர். முப்பது வயதை ஒட்டிய தில்லம்மாள், பதினெட்டு வயது அமனி, அவர்களோடு இன்னும் இரண்டு இளம்பெண்கள், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி; நட்டுவனார் ராமலிங்கம். ஆகஸ்டில் பாரிஸின் வரியத்தே அரங்கிலும், பிறகு லண்டனின் அடெல்ஃபி அரங்கிலும் இந்தக் குழு ஆடியது.

கவிஞரும் பத்திரிகை விமர்சகருமான தியோஃபில் கோத்தியே இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அமனியின் அழகையும் ஆட்டத்தையும் புகழ்ந்தார். உடையையும் அணிகளையும் ஒன்றுவிடாமல் வருணித்தார். அகன்ற சராய், அதன்மேல் சுற்றிய துணி, விலாவோடு நின்றுவிடும் இறுக்கமான ரவிக்கை, உடம்பெல்லாம் நகை, காலில் சலங்கை, வெறும் பாதம். பட்டுக் காலுறையும் சாட்டின் செருப்பும் அணிந்த கால்களையே மேடையில் பார்த்துப் பழகிய ஊர் அது. பாலே பெண்ணுக்குக் கால் தெரியும், இடை மூடியிருக்கும். திருவந்திபுரத்துப் பெண்ணுக்கு அது தலைகீழ். நிலத்தைத் தட்டி ஆடும் ஆட்டத்தில் தாளக் கணக்கு சலங்கை ஒலியில் வந்துவிடுகிறது என்பதால் காலைத் திறந்து காட்ட வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. தாலியோனியின் மெல்லிய பயாதேரை எதிர்பார்த்து வந்த கூட்டத்தில் பலருக்கு இந்த ஆட்டம் ஏமாற்றமாக இருந்தது. குற்றம் ஆடியவர்களுடையது அல்ல. சிற்பி ழான் ஓகுஸ்த் பார் அமனியை ஆடும் நிலையில் சிறிய வெண்கலச் சிலையாக வடித்தார்.

கோத்தியே மூன்று ஆண்டு கழித்து, 1841இல், ‘ஜிசெல்’ பாலேயின் கதையை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். வெள்ளைப் பாவாடைக் கூட்டம் நிலவொளியில் ஆடும் அதன் இரண்டாம் அங்கம்தான் நீள டூட்டூவுக்கு இன்றுவரை அடையாளம். 1858இல் அவர் சகுந்தலையையும் பாலே ஆக்கினார். 

நீள டூட்டூவுக்குப் பெரிய எதிரி கேஸ் விளக்கு. பல அடுக்கு மெல்லிய துணி விளக்கருகே விசிறினால் பற்றிக்கொள்ளும். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் பாலே ஆடற்பெண் எம்மா லிவ்ரியின் பாவாடையில் தீப்பிடித்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இருபது வயதில் அவர் இறந்தார். தீப்பற்றாத மருந்தில் துணியை நனைக்கும் முறை அப்போதே இருந்தது. துணி விறைத்து நிறம் மங்கும் என்று ஆடுபவர்கள் அதை ஒதுக்கினர், லிவ்ரியும் ஒதுக்கியவர்தான். எரிந்தது போக மிஞ்சிய அவருடைய உடைத் துண்டுகள் பாரிஸ் ஆப்பராவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கியவர்கள் இத்தாலியப் பெண்கள். சுழற்சியும் பாய்ச்சலும் கூடக் கூட நீளத் துணி தடையாயிற்று. 1885இல் ரஷ்யா சென்ற விர்ஜீனியா சுக்கி, அங்கே வழக்கத்தில் இருந்த நீளப் பாவாடையை மறுத்துக் குட்டையாகவே உடுத்தினார். அதே ரஷ்யாவில், அதற்கு முன்பே 1877இல் நடன அமைப்பாளர் மரியுஸ் பெத்திபா பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்த ‘லா பயாதேர்’ இந்தியக் கோயில் ஆடற்பெண்ணின் கதை. அதில் நிழலுருக்கள் வரிசையாக இறங்கி வரும் காட்சி இன்று வெள்ளை டூட்டூவின் உச்சமாகக் கருதப்படுகிறது. இந்தியாவின் சாயல் அதில் தேடினாலும் கிடைக்காது. காட்சியின் அழகு வேறு சங்கதி.

இருபதாம் நூற்றாண்டில் பாவாடை இடுப்பிலிருந்து தட்டையாக நீண்டது. வலைத்துணி அடுக்குகளைக் கையால் தைத்து, நடுவே எஃகு வளையம் செருகினார்கள். கூட்டமாக ஆடும்போது ஒருத்தியின் வளையம் மற்றவள்மேல் இடித்து, தட்டு ஒருபக்கமாகத் தூக்கிக்கொள்ளும். 1950இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்ஷினின் ‘சிம்ஃபனி இன் சி’க்கு உடை தைத்த கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டு, அடுக்கைக் குறைத்து, மெத்தென்று தொங்கும் குட்டை டூட்டூவை உண்டாக்கினார்.

தமிழ்நாட்டு ஆட்டத்தின் உடை மாறியதிலும் பாலேவுக்குப் பங்குண்டு. அன்னத்தின் இறகு பதித்த டூட்டூவில் உலகெங்கும் ஆடிய அன்னா பாவ்லோவாவை 1928 வாக்கில் சந்தித்தார், பின்னாளில் பரதநாட்டியக் கலைஞரான ருக்மிணி தேவி. பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலேவும் பயின்றார். சொந்த நாட்டின் கலையைத் தேடும்படி அவருக்குச் சொன்னவர் பாவ்லோவா. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி, தேவதாசிகளின் ஆட்டமான சதிரை ஆடியபோது உடை புதிதாக இருந்தது.

அதுவரை ஆடியவர்கள் பைஜாமா அணிந்து, அதன்மேல் கனத்த சரிகைப் புடவையைச் சுற்றிச் செருகினர். சுற்றத் தெரிந்த கை வேண்டும், ஆட்டத்தில் நழுவாமல் இருக்கவும் வேண்டும். ருக்மிணி தேவி, மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்காரரின் உதவியோடு பட்டுப்புடவையையே வெட்டி, பைஜாமா, விசிறி, மேலாக்கு, ரவிக்கை எனத் தனித்தனியாகத் தைத்து நாடாவால் கட்டிக்கொள்ளும் உடையாக்கினார். கோயில் சிற்பங்கள் அவருக்கு மாதிரி. இரு கால்களுக்கும் நடுவே வைத்த மடிப்பு, அரைமண்டியில் உட்காரும்போது விசிறியாக விரிந்து கால்களின் கோணத்தைக் காட்டும்; தோல் தெரியாது. டூட்டூ துணியைக் குறைத்துச் செய்த வேலையை இந்த உடை மடிப்பால் செய்தது. தேவதாசிகளின் ஆட்டத்தை ஆபாசம் என்று பழித்த காலத்தில் வந்த மாற்றம் இது. பழைய மேடையிலிருந்தும் அதில் ஆடியவர்களிடமிருந்தும் விலகி நிற்கும் நோக்கம் அந்தத் தையலில் இல்லை என்று சொல்வது கடினம். இசை வேளாளர் மரபில் வந்த பாலசரசுவதி புடவைக் கட்டின் மரபையே பேணினார்.

சிதம்பரத்து நடராசர் கோயில் கோபுர வாசல்களில் உள்ள பெண் சிற்பங்களோ இந்த இரண்டு கட்டுக்கும் முந்தியவை. ஆடல் நிலைகளான 108 கரணங்களும் அங்கே உண்டு. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அவற்றுக்குரிய நாட்டிய சாஸ்திரச் சுலோகமும் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் இடையில் உடலோடு ஒட்டிய ஆடை, கச்சை, அணிகள்; கால் தூக்கும்போது தொடையின் வடிவம் முழுவதும் தெரிகிறது. கரணங்களை ஆராய்ந்த பத்மா சுப்ரமண்யம், விசிறி வைத்த உடையை விட்டு, சிற்பங்களைப் பார்த்துத் தமக்கென ஓர் உடையை வகுத்துக்கொண்டார்.

1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி என்ற நடன விழா நடக்கிறது. விசிறி வைத்த பைஜாமா, பாவாடை மாடல், புடவைக் கட்டு எல்லாவற்றையும் அந்த மேடையில் பார்க்கலாம். போகிறவர்கள் பகலிலேயே கிழக்குக் கோபுர வாசலின் இரு சுவர்களையும் நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. மாலை மேடையின் உடைகளை ஒப்பிட அது உதவும்.