440 நியூட்டன் திரவ உந்துபொறி

இஸ்ரோவின் செயற்கைக்கோள்களிலும், நிலவுக்கும் செவ்வாய்க்கும் சென்ற விண்கலங்களிலும் இடம்பெற்ற சிறிய ராக்கெட் எஞ்சின். இது தரும் விசை சுமார் 45 கிலோ எடைக்கே ஈடாகும். ஆயினும் இந்தியாவின் முதல் கோள் பயணத்தை நிறைவேற்றியது இதுவே. நெடுந்தொலைவு செல்லும் எஞ்சினுக்கு வலிமையைவிட நம்பகமே முதன்மையானது என்பதற்கு இதன் வரலாறு சான்று.

அமைப்பு

எரிபொருள் மோனோமெத்தில் ஹைட்ரசீன். ஆக்சிஜனேற்றி நைட்ரஜன் ஆக்சைடுகளின் கலவை. இரண்டும் கலந்த கணமே தாமாகத் தீப்பற்றுவதால் தீமூட்டி வேண்டியதில்லை. பம்பும் கிடையாது, ஹீலியம் வாயுவின் அழுத்தமே திரவங்களை எரியறைக்குள் தள்ளுகிறது. உறுப்புகள் குறைந்தால் பழுதாகும் வாய்ப்பும் குறையும். விண்வெளியை ஒத்த தாழ்ந்த அழுத்தத்தில் இதை இயக்கிப் பார்க்கும் வசதி நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ளது.

தோற்றமும் நிலவுப் பயணமும்

உள்நாட்டில் கட்டப்பட்டு 1992 ஜூலை 10 அன்று ஏவப்பட்ட இன்சாட்-2ஏ செயற்கைக்கோள், இவ்வகை எஞ்சினின் துணையோடு 36,000 கி.மீ. உயரப் புவிநிலைப் பாதையை அடைந்தது. இத்தகைய செயற்கைக்கோளில், ஏவிய சில நாட்களில் எஞ்சினின் வேலை முடிந்துவிடும். சந்திரயான்-1 பயணத்தில் பொறுப்பு கூடியது. 2008 நவம்பர் 8 அன்று சுமார் 817 நொடிகள் எரிந்து, கலத்தை நிலவின் ஈர்ப்பில் நிலைநிறுத்தியது.

செவ்வாய்ப் பயணம்

நெல்லை மாவட்டத்தவரான சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த செவ்வாய்க் கலமான மங்கள்யான், 2013 டிசம்பர் 1 அன்று புவியின் ஈர்ப்பை விட்டு விலகியது. அதன்பின் எஞ்சினுக்கு ஏறத்தாழ 300 நாள் ஓய்வு. அரிக்கும் தன்மையுள்ள திரவங்களோடு அத்தனை நாள் தொடர்பிலிருந்த வால்வுகள் கசியலாம், இறுகலாம். ஆகவே புவியருகே பயன்பட்ட குழாய்த்தடத்தை அடைத்துவிட்டு, செவ்வாயருகே பயன்படுத்த மாற்றுத் தடம் ஒன்றை வடிவமைப்பாளர்கள் முன்பே அமைத்திருந்தனர். முதன்மை எஞ்சின் கைவிட்டால் உதவ, 22 நியூட்டன் விசையுள்ள எட்டுச் சிறு எஞ்சின்களும் இருந்தன.

2014 செப்டம்பர் 22 அன்று சுமார் 4 நொடிகள் இயக்கிச் சோதித்தார்கள், எஞ்சின் விழித்தது. செப்டம்பர் 24 காலை 23 நிமிடங்கள் எரிந்து, சிறு எஞ்சின்களின் துணையோடு, வேகத்தை நொடிக்குச் சுமார் 1.1 கி.மீ. குறைத்தது. செய்தி புவியை எட்டவே 12 நிமிடங்களுக்கு மேலாகும் தொலைவு என்பதால், முன்கூட்டியே பதிந்த கட்டளைகளின்படி கலம் தானே இயங்கியது. முதல் முயற்சியிலேயே செவ்வாய்ச் சுற்றுப்பாதையை எட்டிய முதல் நாடானது இந்தியா.

பிற்கால வளர்ச்சி

2023இல் சந்திரயான்-3இன் உந்துகலத்திலும் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கலத்திலும் இதே எஞ்சின் இடம்பெற்றது. நிலவில் தரையிறங்கிய விக்ரமிலோ, விசையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நான்கு 800 நியூட்டன் எஞ்சின்கள் இருந்தன.

அடுத்த தடம், மின்னாற்றலால் அயனிகளை முடுக்கி விசை பெறும் மின்னுந்துகை. நாசாவின் டான் கலம் செனான் அயனி எஞ்சினால் வெஸ்டா, செரிஸ் இரண்டையும் சுற்றியது. இந்தியாவில் 2017இல் ஜிசாட்-9 செனான் உந்திகளோடு பறந்தது. 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா உந்தியின் 1,000 மணி நேரச் சோதனை முடிந்ததாக 2025 மார்ச்சில் இஸ்ரோ அறிவித்தது. மின்னுந்தி எரிபொருளை மிச்சப்படுத்தும். விசையோ மிகச் சிறிது. கோளை நெருங்கிய சில நிமிடங்களுக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டிய பயணங்களுக்கு வேதி எஞ்சினே இன்றும் தேவைப்படுகிறது.