பழுதுற்ற எண்ணெய் பகரும் வரலாறு

உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் திருக்கோணமலை தலைசிறந்த ஒன்றென்பதை யாவரும் அறிவர். பாய்க்கப்பற் காலத்தில் ஆழமும் அரணுமே அதற்குப் பெருமை தந்தன. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெய்க்கு மாறிய பின்னரோ, எண்ணெயைச் சேமிக்கும் ஆற்றலே துறைமுகத்தின் வலிமையாயிற்று. ஆதலின் முதலாம் உலகப் போரின் பின்னர்ப் பிரித்தானியர் சீனன்குடாவில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் பெருந்தாங்கிகளை நூற்றுக்கு மேலாக நிறுவினர்.

1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் ஜப்பானியர் குண்டு பொழிந்தபோது, அவர்தம் விமானமொன்று தாங்கியொன்றின்மீது வீழ்ந்து பெருந்தீயை மூட்டிற்று. 1957 இல் கடற்படைத் தளம் இலங்கை வசமாயிற்று. எஞ்சிய 99 தாங்கிகளும் 2022 சனவரியில் 14, 24, 61 எனப் பங்கிடப்பட்டன. எண்ணெய் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு முழுவதும் எழுந்த வினா. இயந்திரத்தினுட் புகுந்த எண்ணெய் யாதாகின்றது என்னும் வினாவோ அத்துணை கவனம் பெறவில்லை.

உராய்வுநீக்கி எண்ணெய் ஐதரோக்காபன்களின் கலவையாகும். வெப்பத்தில் ஒட்சிசன் அதனைத் தாக்க, முதலிற் பேரொட்சைட்டுகளும், பின்னர் அமிலங்களும் பிசினும் தோன்றுகின்றன; எண்ணெய் தடித்துக் கருகுகின்றது. எரிபொருளிலுள்ள கந்தகமும் எரிந்து அமிலமாகின்றது. இவ்வமிலத்தை எதிர்த்து நிற்கவே எண்ணெயிற் காரப்பொருள் சேர்க்கப்படுகின்றது. ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வேண்டும் என்பதே அதன் அமில எண். அவ்வெண் ஏற, காரம் குறையுமாயின், எண்ணெயின் ஆயுள் முடிவை நெருங்கிற்று என்க.

எண்ணெயின் கேட்டை மட்டுமன்றி, இயந்திரத்தின் கேட்டையும் இப்பகுப்பு புலப்படுத்தும். இரும்பு மிகின் உருளையின் சுவர் தேய்கின்றது. செம்பும் ஈயமும் மிகின் தாங்குருள்கள் தேய்கின்றன. சிலிக்கன் புகுந்த தூசியைக் காட்டும். சோடியமும் நீரும் ஒருங்கே தோன்றின், கடல்நீர் கசிந்ததோ என ஐயுறல் வேண்டும். 1946 இல் அமெரிக்காவின் டென்வர்-ரியோ கிராண்ட் புகையிரதப் பகுதியினர் டீசல் இயந்திரங்களின் பழைய எண்ணெயை நிறமாலை கொண்டு ஆராய்ந்து, பழுதை முன்னரே கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டில் அந்நாட்டுக் கடற்படையும் இம்முறையைக் கைக்கொண்டது. கல்வெட்டை வாசித்து மன்னன் செயலை உணர்வதுபோல, எண்ணெயை வாசித்து இயந்திரத்தின் உள்நிலையை உணரலாயிற்று.

இது நமக்கு அயலான கல்வியன்று. டீசல் இயந்திரம் பூட்டிய படகு நடுக்கடலில் நின்றுபோமாயின், இழக்கப்படுவது ஒருநாட் கூலி மட்டுமன்று, உயிரும் ஊசலாடும். பெருங்கருவிகள் இல்லாவிடினும், சூடேறிய தகட்டில் ஒரு துளி எண்ணெயை விடுக. படபடவென வெடிப்பின் நீர் கலந்ததென அறியலாம். ஒற்றுத்தாளில் ஒரு துளி இடுக. நடுவே கருவட்டம் செறிந்து பரவாது நிற்பின், கரி மிகுந்து காப்புப்பொருள் தளர்ந்ததென அறியலாம்.

ஆராய்ந்தபின் அவ்வெண்ணெயை எங்கே இடுவது? உலோகமும் நச்சுப்பொருளும் கலந்த அதனைக் கடலில் ஊற்றுவோர், தம் வலையிலேயே நஞ்சைத் தெளிப்போராவர். அதனைத் திரட்டித் தூய்மையாக்கி மீண்டும் பயன்கொள்ளல் இயலும். எண்ணெயைக் காத்த துறைமுகம் என்னும் பெயர் நமக்குப் பிறர் தந்தது. எண்ணெயை அறிந்த துறைமுகம் என்னும் பெயரை நம் மாணவரே ஈட்டித் தருதல் வேண்டும்.