சிராவா, ஷிராஸா?



வைன் பக்கமே போகாதவர்கள்கூட அவுஸ்திரேலியாவில் ஷிராஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதே கறுப்புத் திராட்சையைப் பிரான்சில் 'சிரா' என்பார்கள். நடுவில் உள்ள ர தொண்டையிலிருந்து வரும், கடைசியில் எழுதும் எழுத்துக்கு ஒலியே இல்லை. இதனால், பிரெஞ்சுச் சொல்லை அவுஸ்திரேலியர் கெடுத்துவிட்டார்கள் என்று எம்மவர் சிலரும் சொல்வதுண்டு. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பஸ்பி 1831இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சுற்றி, திராட்சைத் தடிகளை வெட்டிச் சேர்த்து சிட்னிக்குக் கொண்டுவந்தார். ரோன் நதிக்கரையின் எர்மிற்றாஜ் குன்றில் தாம் கேட்ட பெயரை 'சிராஸ்' என்று கேட்கும்படிதான் எழுதினார், அதுவும் இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில். எழுத்துக்கூட்டல் இன்னும் நிலைப்படாத காலம் அது. ஆகவே அந்த 'ஸ்' இங்கே வந்து ஒட்டியதல்ல. (பெயர் என்றால் இப்படித்தான். நாங்கள் ஊரில் முந்திரிகை என்ற கொடியைத் தமிழ்நாட்டில் சொன்னால் முந்திரிப்பருப்பைத் தருவார்கள்.)

பெயரின் ஓசையை வைத்துக் கதையும் பிறந்தது. 1224இல் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய கஸ்பார் என்ற வீரர், பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து இந்தக் கொடியைக் கொண்டுவந்தாராம். ஆனால் அவர் போனதாகச் சொல்லப்படும் போர் நடந்ததே தென் பிரான்சில்! 1998இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்தார்கள். தாய் மொந்தேஸ் பிளான்ஷ், தந்தை டியூரேஸா. இரண்டும் தென்கிழக்குப் பிரான்சின் கொடிகள். பாரசீகத்துக்கு அதில் பங்கில்லை.

இந்தக் கொடியைத் தென் அவுஸ்திரேலியாவின் பரோசாவில் நட்டவர்களை நாம் அறிந்திருக்க வேண்டும். பிரஷ்ய மன்னர் திணித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்து, 1838 முதல் கப்பலேறி வந்த லூதரன் சபையினர் அவர்கள். இன்றைய சொல்லில் அகதிகள். பரோசாவின் லாங்மைலில் 1843இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. 1860களிலிருந்து பிரான்சின் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி தென் அவுஸ்திரேலியாவுக்குள் வரவில்லை.

முதலாம் உலகப் போரின்போது, 1917இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டு 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றியது. லாங்மைலும் தப்பவில்லை. அதன் பெயர் 1975இல்தான் திரும்பக் கிடைத்தது. ஷிராஸின் பெயரை மட்டும் எவரும் தொடவில்லை.

இப்போது இங்கேயும் சில தயாரிப்பாளர்கள், மென்மையான வைனுக்கு 'சிரா' என்றே போத்தலில் அச்சிடுகிறார்கள். ஒட்டியிருப்பதைப் பார்த்து அதன்படி சொல்லுங்கள். ஷிராஸ் என்றால் 'ரா'வை அழுத்துங்கள். கடைசி ஒலி பாம்பின் சீறல் அல்ல, வண்டின் இரைச்சல். தமிழில் அதற்கு எழுத்தில்லை, நாக்குக்குப் பழக்கலாம்.