நீர்வளச் சபைகளும் நிதி மூலமும்

ஒரு வட்டாரத்தின் நீர், நிலம், குடி ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கித் திட்டம் வகுக்கும் கருத்து நம் மாவட்டத்துக்குப் பழையதேயாம். கவிராச வரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயில் திருப்பணி செய்து, கந்தளாய்க் குளங் கட்டி, தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியேற்றிக் கடமை வகுத்தான் எனக் கூறும். மகாவம்சமோ அக்குளத்தை இரண்டாம் அக்கபோதியின் பணியாகக் கொள்ளும். கட்டியவர் யாவராயினும், வயலின் விளைவே கோயிற் பணிக்கு நிதியாதல் வேண்டும் என்பது கல்வெட்டு நூல் காட்டும் ஏற்பாடு.

இக்காலச் சபைகளுக்கு முன்மாதிரி, ஐக்கிய அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தெனெசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையாகும். வெள்ளத்தைத் தடுத்தல், கப்பற் போக்குவரத்து, மின்னாக்கம் என்பன அதன் பணிகள். தொடக்கத்தில் அரசாங்கப் பணத்தால் வளர்ந்த அச்சபை, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் தன் மின்பணிகளை மின்விற்பனை வருவாயாலும் கடன்முறிகளாலும் நடத்தலாயிற்று.

அதனைப் பின்பற்றி 1949இல் நம் கீழ் மாகாணத்தில் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, காடு கழனியாயிற்று. ஆயின் அதன் முதல் பெரும்பாலும் திறைசேரியிலிருந்தே வந்தது. கேம்பிரிட்சு அறிஞர் பி. எச். பாமர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு, திட்டத்தின் செலவு பயனிலும் மிக்கதென 1970இல் அறிக்கையிட்டது. 1956இல் அங்கே மூண்ட இனக்கலவரமோ எக்கணக்கிலும் அடங்காத இழப்பு. குடியேற்றம் நிலப்பங்கீடு மாத்திரமன்று என்பதை அது உணர்த்தும்.

கொட்டியாரக் குடாவிலும், இலங்கைத்துறைக்குத் தெற்கே வெருகலிலும் கடலோடு கலக்கும் மாவலி கங்கைக்கு 1979இல் அதிகார சபை அமைந்தது. முப்பது ஆண்டுத் திட்டம் ஆறு ஆண்டுகளுக்குச் சுருக்கப்பட்டது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், மாதுறு ஓயாவுக்குக் கனடா, ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி எனப் பிறநாடுகள் பொருளுதவின. அணைகள் விரைந்து எழுந்தன. எனினும், ஓர் அணைக்கு ஒருமுறை கிடைக்கும் உதவி வேறு. வாய்க்காலை ஆண்டுதோறும் திருத்தும் வருவாய் வேறு.

1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆக்குவதோடு காத்தலும் சபையின் கடன் என்பதற்கு இதனினும் கொடிய நினைவூட்டல் வேண்டுமோ? நிதி எங்கிருந்து வருகின்றதோ, அங்கேயே சபை கணக்குக் காட்டும். ஆதலின், நிலத்தின் வருவாயில் ஒரு கூறு அந்நிலத்துக்கே மீளவும், உழுவோர் அச்சபையிற் குரல் பெறவும் வழி செய்தல் வேண்டும்.